பைமெட்டல் தெர்மோஸ்டாட் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடலாம்

நீங்களே யோசித்து, நீங்களே வளைத்துச் செய்த தெர்மோஸ்டாட். வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை, சூடேறியதும் வளைந்து விலகி ஹீட்டரை அணைக்கும், ஆறியதும் சேர்ந்து ஏற்றும். மேசையில் வைத்து லைட்டரைக் காட்டினால் அழகாக வளைகிறது, விலகுகிறது, மறுபடி சேர்கிறது. கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பொருத்தியதும் கோளாறு செய்கிறது. இந்த நேரத்தில் முதல் சந்தேகம் பட்டையின் மேல்தான் விழும், அது பெரும்பாலும் தப்பான சந்தேகம். நான் நிஜமாகவே கெடுத்த பட்டைகள் கொஞ்சம்தான். நல்ல பட்டையைக் கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டதுதான் அதிகம்.

பட்டைக்குத் தெரிந்தது ஒரே ஒரு சூடு, அதன் சொந்தச் சூடு. பெட்டிக்குள் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தச் சூடு தன்னிடம் வந்து சேர்ந்தால்தான் அசையும், வேறு எங்கிருந்தாவது சூடு வந்தாலும் அதே போல அசையும். கீழே இருக்கும் கோளாறுகளில் பாதி இதை மறந்ததால் வருபவை.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரே பட்டையை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், மொத்தத் தடிமன் 0.5 மி.மீ., ஒரு பக்கம் பித்தளை, மறுபக்கம் இன்வார். இன்வார் என்பது 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. 1896இல் ஷார்ல் எதுவார் கியோம் கண்டறிந்தது, இந்த நிக்கல் எஃகு ஆராய்ச்சிக்காகத்தான் அவருக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. பித்தளை ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 19 மைக்ரான் விரியும், இன்வார் ஒன்றே கால் மைக்ரான்கூட விரியாது. வேலை செய்ய வேண்டிய இடம் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டி, குறி 37.5 டிகிரி. நான் முதலில் சொதப்பியது அதில்தான்.

எதைத் தொடும் முன்பும் மெயின்ஸ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சோதனை முழுவதையும் மல்டிமீட்டரின் பஸ்ஸரிலோ 3 வோல்ட் பேட்டரியிலோ செய்யலாம்.

அப்புறம் ஒரே ஒரு அளவீடு. சின்னக் கிண்ணத்தில் எண்ணெய், அதற்குள் தெர்மோஸ்டாட்டும் தெர்மாமீட்டரும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பஸ்ஸர் ஏமாற்றாது. கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாதபடி சூடாக்குங்கள். எதில் விலகுகிறது, ஆறும்போது எதில் சேர்கிறது என்று இரண்டு எண்கள். ஐந்து முறை எழுதுங்கள். எண்ணெயில் எண்கள் சரியாக வந்து பெட்டியில் தப்பாக வந்தால் பட்டையைத் தொடாதீர்கள், கோளாறு வெளியே இருக்கிறது. எண்ணெயிலேயே எண்கள் ஓடி விளையாடினால் பட்டை, அதைப் பிடித்திருக்கும் இடம், காண்டாக்ட் (தொட்டால் மின்சாரம் போகும், விலகினால் நிற்கும் அந்த முனை) இந்த மூன்றில் ஒன்று. இந்த அரை மணி நேரத்தைச் செலவு செய்யாமல் திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் உதவ முடியாது.

வைத்த அளவு வரும் முன்னாலேயே அணைந்துவிடுகிறது

லோடை, அதாவது தெர்மோஸ்டாட் இயக்கும் ஹீட்டரையோ பல்பையோ கழற்றிவிட்டு, பெட்டியை வேறு வழியில் சூடாக்கி, பஸ்ஸரில் பாருங்கள். இப்போது சரியான இடத்தில் விலகினால், பட்டையைச் சூடாக்குவது அதன் வழியாக ஓடும் மின்னோட்டமேதான்.

கணக்கைப் பாருங்கள், எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. நம் பட்டையின் மின்தடை சுமார் 1.6 மில்லி ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 0.16 வாட். இது ஒரு சூடா என்று தோன்றும். ஆனால் இந்தப் பட்டையின் இரண்டு முகமும் சேர்த்து 8 சதுர சென்டிமீட்டர்தான், அசையாத காற்றில் அது வெளியே விடக்கூடியது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 8 மில்லிவாட். வகுத்தால் 20 டிகிரி! சுற்றியுள்ள காற்றைவிடப் பட்டை 20 டிகிரி அதிகமாக இருக்கும், 37.5இல் விலக வேண்டியது பதினேழு பதினெட்டிலேயே விலகிவிடும். மின்னோட்டத்தின் வர்க்கத்தில் போவதால் 5 ஆம்பியரில் இது 5 டிகிரி, 2 ஆம்பியரில் ஒரு டிகிரிக்கும் கீழே. இரண்டு பக்கமும் இரும்பு நிக்கல் கலவையாக இருக்கும் வெள்ளைப் பட்டை என்றால் நிலைமை இன்னும் மோசம், மின்தடை ஆறு மடங்கு. வீட்டு மின்பலகையில் ஓவர்லோடானால் தானே விழும் ஸ்விட்சான எம்சிபிக்குள்ளே இருக்கும் பைமெட்டல் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. ஓவர்லோடில் தானே சூடாகி ட்ரிப் ஆவது அதன் வேலை. உங்கள் தெர்மோஸ்டாட்டுக்கு அது வியாதி.

சரிசெய்ய இரண்டு வழி. பட்டை ஒரு ரிலேயின் (சின்ன மின்னோட்டத்தில் இயங்கிப் பெரிய லோடை ஏற்றி அணைக்கும் ஸ்விட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், லோடை ரிலே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் காண்டாக்டைப் பட்டையிலிருந்து இன்சுலேட் செய்து, அதற்கு மெல்லிய செம்புப் பின்னல் கம்பி ஒன்றை நேராகக் கொடுங்கள், மின்சாரம் பட்டைக்குள் போகவே போகாது. பின்னல் முடிந்தவரை மெல்லியதாக இருக்கட்டும், விறைப்பாக இருந்தால் அதுவே ஒரு ஸ்ப்ரிங்காகி அளவை மாற்றிவிடும். டெர்மினல் ஸ்க்ரூ லூசாக இருந்தாலும் இதே அறிகுறி வரும், ஏனென்றால் அங்கே பிறக்கும் சூடு பட்டையின் அடிப்பக்கம் வழியாக ஏறும்.

லோடு இல்லாமலும் முன்னாலேயே அணைகிறதா? ஹீட்டரோ பல்போ பட்டைக்கு நேரே தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. முடிந்தது.

வீட்டுச் சுவர் தெர்மோஸ்டாட்டுகளில் இந்த முன்கூட்டி அணைதலை வேண்டுமென்றே செய்வது உண்டு. பட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், ஹீட்டர் ஓடும்போது அதுவும் சூடாகிப் பட்டையைக் கொஞ்சம் முன்னதாகவே விலக வைக்கும். அது எதற்கு என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

அளவைத் தாண்டி ஏறிவிட்டுத்தான் அணைகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். பட்டைக்குச் செய்தி தாமதமாகப் போகிறது.

நம் பட்டையின் எடை 1.7 கிராம் அளவில். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 0.7 ஜூல் வேண்டும். அசையாத காற்று ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கொடுப்பது 8 மில்லிவாட். வகுத்தால் 90 நொடிக்குக் கொஞ்சம் கீழே. அதாவது பட்டை எப்போதும் காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி நிமிடத்துக்கு 2 டிகிரி வேகத்தில் சூடேறினால் பட்டை 37.5ஐத் தொடும்போது காற்று 40ஐத் தாண்டியிருக்கும். அணைந்த பிறகும் ஹீட்டரின் உடம்பில் இருக்கும் சூடு வெளியே வரும், அது தனிக்கணக்கு. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு உங்கள் ஒன்றரை நிமிடத்தை மன்னிக்காது.

முதலில் சின்ன ஃபேன் ஒன்றை வையுங்கள். காற்று ஓடினால் சூடு மாறும் வேகம் மூன்று மடங்கு ஆகும், தாமதம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். அடுத்து ஹீட்டரின் வாட்டைக் குறையுங்கள். சாதாரண நாளில் பாதி நேரம் ஓடி பாதி நேரம் அணைந்து கிடக்கும் அளவுதான் நல்ல ஹீட்டர். 'சீக்கிரம் சூடாகட்டும்' என்று நாலு மடங்கு வாட் போட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டைத் திட்டக் கூடாது.

என் தவறு வேறு விதம். பார்க்க நன்றாக இருக்கும் என்று பட்டையை ஒரு தடித்த அலுமினியக் கட்டையில் பொருத்தி, கட்டையைப் பெட்டிச் சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். பெட்டி 41ஐத் தாண்டியும் பட்டை அசையவில்லை. கட்டை சூடேறவே கால் மணி நேரம் எடுத்தது, ஏறிய சூட்டைச் சுவர் வெளியே இழுத்துக்கொண்டது, பட்டை அந்தக் கட்டை சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டையை எடுத்துவிட்டு, ஒரு துண்டு பேக்கலைட்டில் பட்டையைக் காற்று நடுவில் நீட்டினாற்போல் வைத்ததும் அதே பட்டை, அதே திருகாணி, ஒழுங்காக நடந்துகொண்டது.

பட்டை வளைகிறது, ஆனால் போதாது

இங்கே வடிவமைப்புக் கணக்கு வந்தே ஆக வேண்டும். ஸ்டீபன் டிமோஷென்கோ 1925இல் பைமெட்டல் பட்டையின் வளைவுக்கு முழுச் சூத்திரத்தையும் கொடுத்துவிட்டார். இரண்டு அடுக்கும் ஒரே தடிமன், விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்று என்று வைத்துக்கொண்டால் அது ரொம்ப எளிமையாகிவிடும். ஒரு முனை பிடிக்கப்பட்ட பட்டையின் மறுமுனை நகரும் தூரம்:

0.75 × விரிவு வித்தியாசம் × வெப்பநிலை மாற்றம் × நீளத்தின் வர்க்கம் ÷ மொத்தத் தடிமன்

நம் பட்டைக்கு வித்தியாசம் 18 மைக்ரான் என்று போட்டால் 10 டிகிரிக்கு 0.67 மி.மீ. டிகிரிக்கு 0.067. ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. அதனால்தான் காண்டாக்டைச் சரிசெய்யும் திருகாணி நெருக்கமான மரை உள்ளதாக இருக்க வேண்டும். அரை மி.மீ. மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏழரை டிகிரி, கால் சுற்றுக்கு இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கீழே.

கணக்கில் 0.67 வந்து, நிஜத்தில் 0.2தான் நகர்கிறது என்றால் இரண்டு உலோகமும் ஒன்றாக ஒட்டவில்லை. வீட்டில் செய்பவர்கள் இரண்டு தகட்டை வைத்து மூன்று ரிவெட் அடித்துவிடுவார்கள். ரிவெட்டுக்கு நடுவே தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், விலகி வயிறு தள்ளும், வளைய வேண்டிய சக்தி அதிலேயே போய்விடும். நீளம் முழுக்க ஒரே சீராகச் சால்டர் பிடிக்க வேண்டும். சாதாரண ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும், 100ஐத் தாண்டினாலே மெல்ல இளகி நகரத் தொடங்கிவிடும், ஆகவே இன்குபேட்டருக்குச் சரி, சமையல் ஓவனுக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் பைமெட்டல் தகடு அழுத்த உருளையில் இரண்டு உலோகத்தையும் ஒன்றாக உருட்டி ஒட்டியது, அது பிரியாது. என்னைக் கேட்டால் அதையே வாங்குங்கள். ஒட்டுவதில் காட்டும் திறமையை வேறு இடத்தில் காட்டலாம்.

எதிர்ப்பக்கம் வளைகிறது என்றால் பட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். அதிகம் விரியும் பக்கம் வளைவின் வெளிப்புறம் வரும். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தால் தீக்குச்சி காட்டிப் பார்த்து ஒரு பக்கம் மார்க்கரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

200 டிகிரி வரை நன்றாக நகர்ந்து அதற்கு மேல் சோம்பிவிடுகிறதா? அது இன்வாரின் குணம். அந்தச் சூட்டைத் தாண்டினால் அதன் விரியாத தன்மை போய்விடும், சாதாரண உலோகம் போல விரியத் தொடங்கும். அந்த வேலைக்கு நிக்கல் 42 சதவீதம் உள்ள கலவையைத் தேடுங்கள்.

காண்டாக்ட் நடுங்குகிறது, சீறுகிறது, ரேடியோ கரகரக்கிறது

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காண்டாக்டைப் பாருங்கள். விலகும் நேரத்தில் நீலப்பொறி ஒன்று நின்று விளையாடினால் நோய் தெரிந்துவிட்டது. இதை ஆற அமரச் சொல்கிறேன், தானே தெர்மோஸ்டாட் செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பட்டை நகர்வது டிகிரிக்கு 0.067 மி.மீ. என்று பார்த்தோம். அதன் விறைப்பு மி.மீ.க்கு கால் நியூட்டன் அளவு. பெருக்கினால், ஒரு டிகிரிக்குப் பட்டை கொடுக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய ஒன்றரை கிராம் எடை. வெள்ளிக் காண்டாக்ட் இரண்டு ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருக்கக் குறைந்தது பத்துப் பதினைந்து கிராமாவது அழுத்தம் வேண்டும். அப்படியென்றால் காண்டாக்ட் முதலில் தொட்டதிலிருந்து திடமாகப் பிடிக்கும் வரை ஏழெட்டு டிகிரி தூரம் இருக்கிறது, அவ்வளவு நேரமும் அது தொட்டும் தொடாமலும் ஒரு தூசி அழுத்தத்தில் நிற்கும். பக்கத்தில் யாராவது நடந்தால் விலகும், சேரும். ஒவ்வொரு விலகலிலும் பொறி. பொறி காண்டாக்டைக் குழியாக்கும், குழியான காண்டாக்ட் இன்னும் சூடாகும், கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

சிலர் பட்டையை நேரே ஒரு மைக்ரோ ஸ்விட்சின் பட்டனில் முட்ட வைப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பட்டனை அழுத்த 50 கிராம் வேண்டும் என்றால் டிகிரிக்கு ஒன்றரை கிராம் கணக்கில் முப்பது டிகிரிக்கு மேல் ஏறினால்தான் அழுந்தும். பட்டையைத் தடிமனாக்கினால் விசை தடிமனின் வர்க்கத்தில் கூடும், நகரும் தூரம் அதே அளவு வேகமாக இல்லாவிட்டாலும் பாதியாகக் குறையும். இரட்டைத் தடிமன் என்றால் நாலு மடங்கு விசை, பாதி நகர்வு. அகலத்தைக் கூட்டினால் நகர்வு குறையாமல் விசை கூடும். இலவசமாகக் கிடைப்பது அது ஒன்றுதான், அதையும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான மருந்து, காண்டாக்ட் மெதுவாக நகரக் கூடாது, பாய வேண்டும். எளிய வழி, பட்டையின் முனையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, எதிரே ஒரு சின்னக் காந்தம். பட்டை நெருங்கியதும் காந்தம் இழுத்து டப் என்று சேர்த்துவிடும், சூடேறி விலகப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு ஒரேயடியாக விட்டுவிடும். காந்தமும் இரும்பும் நேரே தொட்டுக்கொள்ளக் கூடாது, நடுவில் ஒரு இடைவெளி நிற்க வேண்டும், அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு திருகாணி வைத்துவிடுங்கள். பின்னால் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

இன்னொரு வழி குவிந்த வட்டத் தகடு. ஜான் ஸ்பென்சர் என்பவர் சிறுவனாக விறகுக் கொதிகலன் ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது, அதன் கதவுத் தகடு சூடேறும்போது ஒரு பக்கமும் ஆறும்போது மறுபக்கமும் டப் என்று குதிப்பதைக் கவனித்தார் என்பார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1920களில் வந்த பைமெட்டல் ஸ்னாப் டிஸ்க். இன்று காபி மெஷினிலும் இஸ்திரிப்பெட்டியிலும் பொத்தான் அளவில் உட்கார்ந்திருப்பது அதன் வம்சம். தானே டிஸ்க் அடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குவிவு ஒரு அளவுக்குக் கீழே போனால் தகடு குதிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். தகட்டைக் குவிக்கும் அச்சான டையின் ஆழத்தில் நூலிழை மாறினாலே பல டிகிரி மாறும். குதிக்கிற டிஸ்க்கை விளிம்பில் இறுக்கிப் பிடித்தாலும் குதிக்காது. அது கூட்டுக்குள் லொடலொடவென்று ஆட வேண்டும், ஆடுவதைப் பார்த்து லூசாக இருக்கிறது என்று பசை போட்டவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

அணைவதற்கும் எரிவதற்கும் நடுவே ரொம்ப இடைவெளி

மேலே சொன்ன மருந்தின் பக்கவிளைவு. காந்தம் 10 கிராம் விசையில் பிடித்திருக்கிறது, பட்டை டிகிரிக்கு ஒன்றரை கிராம் இழுக்கிறது என்றால் விடுபடவே ஆறேழு டிகிரி ஆகும். அந்த இடைவெளித் திருகாணியைக் கொஞ்சம் விலக்குங்கள், நடுங்கத் தொடங்கும் இடம் வந்ததும் கால் சுற்று பின்னால் வாருங்கள். பாய்ச்சலும் வேண்டும், இடைவெளியும் குறைய வேண்டும் என்றால் டிகிரிக்குக் கிடைக்கும் விசையைக் கூட்ட வேண்டும், அதாவது பட்டையை அகலமாக்க வேண்டும்.

கடையில் வாங்கும் டிஸ்க் தெர்மோஸ்டாட்டில் இதைத் தேடாதீர்கள். கேஎஸ்டி 301 என்று விற்கும் சின்ன வட்ட உருப்படிகளில் விலகும் அளவே சாதாரணமாக 5 டிகிரி முன்பின் இருக்கும், சேரும் அளவு அதற்குப் பத்து, பதினைந்து டிகிரிக்குக் கீழே. கொதிகலனுக்கு அது போதும். அரை டிகிரி துல்லியம் வேண்டும் என்றால் பைமெட்டலை மரியாதையாக விட்டுவிட்டு தெர்மிஸ்டரும் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்) ரிலேயும் வையுங்கள், நான் இன்குபேட்டருக்குக் கடைசியில் அதைத்தான் செய்தேன். பைமெட்டல் பட்டை அதே பெட்டியில் 39 டிகிரியில் விலகும் காவல்காரனாக வேலை மாறிப்போனது.

அணையவே இல்லை

பெட்டி சூடாக இருக்கும்போதே மெயின்ஸைக் கழற்றிவிட்டு, பட்டையின் முனையை ஒரு மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஒரு சின்ன 'சொடுக்' சத்தத்தோடு பிரிந்தால் காண்டாக்ட் வெல்டு ஆகியிருக்கிறது.

ஏன் ஆனது என்று லோடைக் கேளுங்கள். இழை பல்பு என்றால், 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு ஓடும்போது 0.43 ஆம்பியர்தான், ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை பத்துப் பதினைந்து மடங்கு குறைவு, ஏற்றும் கணத்தில் ஐந்தாறு ஆம்பியர் பாயும். மோட்டாரும் அப்படித்தான். நேர்மின்சாரம் (டிசி) என்றால் வேறு கதை. மாறுமின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே சாகும். நேர்மின்சாரத்தில் பூஜ்யமே கிடையாது, இடைவெளி போதாவிட்டால் பொறி நின்று எரியும். 250 வோல்ட் 10 ஆம்பியர் என்று முத்திரை குத்திய பல சின்ன ஸ்விட்சுகளின் நேர்மின்சாரத் தகுதி 30 வோல்ட்டோடு நின்றுவிடும். சோலார் பேனலில் கொண்டுபோய் மாட்டுபவர்கள் கவனிக்க.

வெல்டு ஆன காண்டாக்டைப் பிரித்து, உப்புத்தாள் தேய்த்து மறுபடி பயன்படுத்தாதீர்கள், அடுத்த முறை இன்னும் சுலபமாக ஒட்டும். மாற்றிவிடுங்கள், முடிந்தால் வெள்ளியோடு டின் ஆக்ஸைடு கலந்த காண்டாக்டாக, அது சீக்கிரம் ஒட்டாது.

எந்த நல்ல தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிய நிலையில்தான் சாகும் என்று நினைத்து வடிவமையுங்கள். ஹீட்டரோடு தொடரில் ஒரு தெர்மல் ஃபியூஸ், ஒருமுறை உருகினால் மாற்றித்தான் ஆக வேண்டிய வகை, கட்டாயம் வேண்டும். அது தெர்மோஸ்டாட்டின் அதே ஸ்க்ரூவில், அதே பிராக்கெட்டில் உட்காரக் கூடாது. ஸ்க்ரூ கழன்றால் இரண்டும் சேர்ந்து காற்றில் தொங்கும், இரண்டும் குளிர்ச்சியாக இருக்கும், பெட்டி எரியும். விற்பனைக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஐஈசி 60730 தரத்தை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே புரட்டுங்கள். மெயின்ஸை முழுவதும் துண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் காண்டாக்ட் இடைவெளி 3 மி.மீ. கணக்கில் வேண்டும், நம் பட்டை அதற்கு 45 டிகிரி நகர வேண்டும்!

அணைந்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது

பொறியை அடக்கக் காண்டாக்டுக்குக் குறுக்கே கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டிருப்பீர்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 7 மில்லி ஆம்பியரை எப்போதும் கசிய விடும். ஹீட்டருக்கு அது தெரியாது, எல்இடிக்குத் தெரியும். அதை லோடுக்குக் குறுக்கே மாற்றிப் போடுங்கள்.

சேர்கிறது, ஆனால் மின்சாரம் போகவில்லை

மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளீட்டுக்குச் சில மில்லி ஆம்பியரைக் கொடுக்கும் சுற்றுகளில் வருவது இது. பெரிய லோடில் காண்டாக்ட் மேல் படியும் கறுப்பைப் பொறியே எரித்துச் சுத்தம் செய்துவிடும். சின்ன மின்னோட்டத்தில் எரிக்க ஆள் இல்லை, வெள்ளி சல்ஃபைடு படிந்து கம்பளம் போல மூடிவிடும். தற்காலிகமாக ஒரு கெட்டித் தாள் துண்டைக் காண்டாக்ட் நடுவே வைத்து இழுங்கள். நிரந்தரமாக, தங்கப் பூச்சுள்ள காண்டாக்ட். ஆனால் அதில் ஒருமுறை ஹீட்டரை ஏற்றினாலும் பூச்சு போய்விடும்.

வாரத்துக்கு வாரம் அளவு நகர்ந்துகொண்டே போகிறது

ஒரே பக்கம் நகர்கிறதா, இரண்டு பக்கமும் அலைகிறதா என்று முதலில் எழுதிப் பாருங்கள். அலைந்தால் பிடிப்பு லூஸ் அல்லது காண்டாக்ட் கெட்டது. ஒரே பக்கம் போனால் பட்டைக்குள் அடைபட்ட இறுக்கம் மெல்ல விடுபடுகிறது.

தகட்டை உருட்டும்போதும், வெட்டும்போதும், நீங்கள் வளைக்கும்போதும் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். ஒவ்வொரு சூட்டிலும் அதில் கொஞ்சம் தளரும், தளரும் அளவுக்கு முனை நகரும். வெட்டி வளைத்து முடித்த பிறகு, வேலை செய்யும் உச்சச் சூட்டைவிட ஐம்பது டிகிரி மேலே ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்து, மெல்ல ஆற விடுங்கள். அப்புறம் சூடும் குளிரும் மாற்றி மாற்றி இருபது முப்பது சுற்று. அதற்குப் பிறகுதான் திருகாணியால் அளவு வைக்க வேண்டும். அளவு வைத்துவிட்டுப் பட்டையைக் கையால் 'லேசாக' வளைத்துத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு காரணம் முட்டுதல். அளவைத் தாண்டிச் சூடாகும்போது பட்டைக்கு மேலே போக இடம் வேண்டும். எதிரே கெட்டியான தடுப்பு இருந்தால், வளைய முடியாத பட்டைக்குள் விசை ஏறிக்கொண்டே போய் நிரந்தரமாக மடங்கிவிடும். அதனால் நிலையான காண்டாக்டைக் கல் மாதிரி வைக்காமல் ஒரு மெல்லிய ஸ்ப்ரிங் தகட்டில் வையுங்கள். பொருட்களை அனுப்பும்போது வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 60, 70 டிகிரி ஏறுவதையும் கணக்கில் சேருங்கள், இன்குபேட்டர் பட்டைக்கு அது பெரிய சூடு.

காப்புரிமை தேடினால் எல்லாமே ஏற்கனவே இருக்கிறது

இதுவும் ஒரு அறிகுறிதான், நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஜான் ஹாரிசன் கடல் கடிகாரத்துக்குப் பைமெட்டல் பட்டையைப் போட்டது 18ஆம் நூற்றாண்டில். ஆண்ட்ரூ யூர் தெர்மோஸ்டாட் என்று பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கியது 1830இல். வாரன் ஜான்சன் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்கு வாங்கியது 1883இல். பட்டை வளைவதில் புதிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. அளவு வைக்கும் விதம், கூட்டுக்குள் பொருத்தும் விதம், கெட்டால் எந்தப் பக்கம் கெடுகிறது என்பது, இங்கெல்லாம் இன்னும் இடம் இருக்கிறது. மின்கெட்டிலில் ஆவி பட்டதும் டிக் என்று அணையும் அந்தச் சின்னத் தகட்டைக் கழற்றி அதன் நடுவில் வெட்டியிருக்கும் நாக்கைப் பாருங்கள், பழைய யோசனையில் புது வேலை என்றால் அதுதான்.

தட்டினால் மட்டும் வேலை செய்கிறது

பட்டையின் அடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். அடியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் முனையை அசைத்தால் அந்த இடத்தில் குமிழி வருகிறதா? வந்தால் பிடிப்பு விட்டுவிட்டது. மறுபடி அடித்து இறுக்காதீர்கள், ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு இரண்டு ஸ்க்ரூவும் ஒரு தடித்த வாஷர் தகடும் போட்டு, வாஷர் விளிம்பு பட்டைக்குக் குறுக்கே நேர்க்கோடாக நிற்கும்படி இறுக்குங்கள். பட்டையின் நீளம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது, அது ஒரு மி.மீ. தள்ளினாலே நகர்வு நூற்றுக்கு நாலு மாறும். இறுக்கியதும் மறுபடி எண்ணெய்க் கிண்ணம், மறுபடி ஐந்து முறை.